லோடு கொடுத்துப் பார்ப்பவர்

அவர் எந்த நாற்காலியிலும் நேராகப் போய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முதலில் இரண்டு உள்ளங்கைகளையும் அதன் மேல் ஊன்றி, உடம்பின் கனத்தையெல்லாம் கைகளுக்குக் கொண்டுவந்து, இரண்டு முறை அமுக்குவார். முனகாவிட்டால் உட்காருவார். முனகினால் அதை வேறு யார் பக்கமாவது நகர்த்திவிட்டு இன்னொன்றை இழுத்துக்கொள்வார். நகர்த்தும்போது காரணம் சொல்லமாட்டார். ஆகவே எங்கள் அலுவலகத்தில் முனகுகிற நாற்காலிகள் எல்லாம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடமே இருந்தன.

திருப்பூரில், கீழே நிட்டிங் மெஷின்களும் மாடியில் அலுவலகமுமாக இருந்த ஒரு பனியன் கம்பெனி அது. அவர் டிசைன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டார். நான் எதிர் மேசை. வெளிநாட்டுக்குப் போகும் சேம்பிள் பார்சல்கள் என் பொறுப்பு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அம்மிணி என்பார். சாமளாபுரத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவர் என்பதால் ரகசியத்தையும் உரக்கத்தான் சொல்வார்.

அவர் வேலை இதுதான். குழந்தைச் சட்டையின் நெஞ்சில் ஒரு கிளி அச்சாக வேண்டும் என்றால், அந்தக் கிளியின் பச்சையைத் தனியாக, சிவப்பைத் தனியாக, கறுப்பைத் தனியாகப் பிரித்து, நிறத்துக்கு ஒரு பிலிம் எடுத்துப் பிரிண்டிங் பட்டறைக்குக் கொடுக்கவேண்டும். கம்பெனியின் கம்ப்யூட்டரோ கிளியைத் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். பச்சையைப் பிரிப்பதற்குள் டிபனும் சாப்பிடலாம். புதியது வாங்கித் தரச் சொல்லிக் கேட்டபோது முதலாளி, ஓடுதில்ல, அப்புறம் என்ன என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் அந்தப் பதிலை ஓர் அனுமதியாக எடுத்துக்கொண்டார். ஓடுவதை இன்னும் வேகமாக ஓட்டலாம் என்று அவருக்குத் தெரியும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்ப் பைத்தியங்கள் எழுதியதையெல்லாம் படித்துவைத்திருந்தார்.

கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகடு கழன்றது. அது மறுபடி மாட்டப்பட்டு நான் பார்க்கவில்லை. அதன் எதிரே ஒரு டேபிள் பேன் வந்தது. மே மாதத்தில் அலுவலகத்தில் காற்று வாங்குகிற ஒரே பிரஜை அந்தக் கம்ப்யூட்டர்தான்.

உள்ளே கணக்குப் போடும் ப்ராசஸரின் வேகத்தைக் கூட்டுவதோடு நிறுத்தாமல் அதற்குப் போகும் வோல்டேஜையும் ஏன் கூட்டுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவர் என்னைப் படிக்கட்டு வரை கூட்டிப்போய்க் கீழே காட்டினார்.

"நிட்டிங் மெஷினப் பாருங்க அம்மிணி. வேகத்தக் கூட்டுனா நூலு டென்ஷனையும் பாத்து வெக்கோணும். கம்மியாப் போனா லூப்பு வுட்டுப்போயிரும். ஜாஸ்தியாப் போனா நூலு அந்துரும். இங்க வேகம் கிளாக்கு, டென்ஷன் வோல்டேஜு. அவ்வளவுதானுங்க."

அவ்வளவுதான் இல்லை. அதற்குப் பிறகுதான் அவருடைய வேதமே ஆரம்பித்தது.

"சும்மா இருக்கறப்பக் காட்டுற வோல்டேஜ நம்பவே கூடாதுங்க. வேலையத் தூக்கி வெச்சா எறங்கும். எல்லாமே எறங்கும். எவ்வளவு எறங்குது, எறங்குன எடத்துல நிக்குதா, அதத்தான் பாக்கோணும். லோடு குடுக்காம எதையும் நம்பக்கூடாதுங்க."

வேகத்தை ஒரு படி ஏற்றுவார். கம்ப்யூட்டர் உறைந்து நின்றால் வோல்டேஜை ஒரு மயிரிழை ஏற்றுவார். பிறகு கடுமையான கணக்குகளை ஓயாமல் போட்டுக்கொண்டே இருக்கும் ஒரு சோதனை புரோகிராமை ஓடவிடுவார். ஒரு கணக்குத் தப்பினாலும் அது சிவப்பாக எழுதிவிட்டு நின்றுவிடும். சனிக்கிழமை மாலை ஓடவிட்டுப் போனால் திங்கட்கிழமை காலைதான் முடிவு. திங்கட்கிழமை அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உள்ளே வராமல், கதவருகிலிருந்தே எட்டிப் பார்ப்பார். பரீட்சை எழுதியது அவர்தான் என்று நினைக்கத் தோன்றும். ஓடிக்கொண்டிருந்தால் எங்கள் எல்லோருக்கும் அவர் செலவில் டீ. நின்றிருந்தால் மதியம் வரை பேச்சில்லை. இப்படிப் பல வாரங்கள் ஏற்றி இறக்கி, கிளி திறக்கும் நேரத்துக்குள் டீயை ஆற்றக்கூட முடியாது என்ற நிலைக்கு அதைக் கொண்டுவந்துவிட்டார். ஒரு புதிய கம்ப்யூட்டரை மிச்சம் பிடித்துவிட்டதாக முதலாளி வெளியில் சொல்லிக்கொண்டார்.

கம்ப்யூட்டரோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

புதிதாக டீக்கடை திறந்தால் கூட்டமில்லாத காலை வேளையில் போகமாட்டார். நாலு கம்பெனி ஆட்களும் இடைவேளைக்கு இறங்கி மொய்க்கும்போது போய், அந்த நெரிசலில் வருகிற டீயைக் குடித்துப் பார்த்துத்தான் வாடிக்கை வைப்பார். குடை வாங்கினால் மழை வரும்வரை காத்திருக்கமாட்டார். ஒருமுறை காம்பவுண்டுக்குள் புதுக்குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, லோடு ஏற்றும் வடநாட்டுப் பையன்கள் இருவரை ஹோஸால் தண்ணீர் அடிக்கச் சொன்னார். அடித்து முடித்ததும் ஒருவன் மற்றவனிடம் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தான். அவர் அதைக் கவனித்தார். குடை ஒழுகவில்லை என்ற திருப்தியில் விட்டுவிட்டார்.

ஆனால் அவருக்கு ஒரு மகள் இருந்தாள். அவிநாசியில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். கல்யாண வயது. வருகிற மாப்பிள்ளைகளுக்கும் அவர் லோடு கொடுத்துப் பார்த்தார்.

முதலில் வந்த பையனை அவிநாசித் தேருக்கென்று தன் மொபெட்டில் கூட்டிப்போனார். நல்ல வெயிலில், ரோட்டின் நடுவில், பெட்ரோல் குழாயை யாருக்கும் தெரியாமல் அடைத்துவிட்டார். வண்டி நின்றது. பையன் நிழல் தேடிப் போய் நின்றுகொண்டு, செல்போனில் தன் சித்தப்பாவுக்குச் சொல்லிக் கார் வரவழைத்தான். அந்தக் காரில் அவரையும் ஏறச் சொன்னான் என்பதை அவர் தீர்ப்பில் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

"எறங்கிருச்சுங்க அம்மிணி" என்றார் என்னிடம். "தள்ளுவமான்னு ஒரு வார்த்த கேக்கலீங்க."

இரண்டாவது இடம் வெள்ளகோவில். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். அக்கினி நட்சத்திரம். ஒறம்பரையாக வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் ஹாலில் உட்கார்ந்ததும் அவர் பின்பக்கம் போய், ஹாலுக்குப் போகிற ப்யூஸை மட்டும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, கரண்ட் போய்விட்டது என்றார். புழுக்கத்தில் மாப்பிள்ளை எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்ப்பது திட்டம். பையன் நன்றாகத்தான் இருந்தான். துண்டால் விசிறிக்கொண்டே சிரித்துப் பேசினானாம். அந்த நேரத்தில், திட்டம் தெரியாத அவர் மனைவி சமையலறையில் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டார். மிக்ஸி நின்று நிதானமாக அரைத்தது. ஹாலில் பேச்சு அடங்கியது. மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து, சுவிட்ச் போர்டைப் பார்த்து, பிறகு அவருடைய சட்டைப்பையைப் பார்த்தார். வேன் திரும்பிப் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் எந்த இடமும் வரவில்லை. ப்யூஸைப் பிடுங்குகிற வீடு என்று பேச்சு பரவியிருந்தது.

மூன்றாவதாக வந்த பையன் பல்லடத்துப் பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனியில் சூப்பர்வைசர். இந்த முறை அவர் மனைவியே அலுவலகத்துக்குப் போன் செய்து என்னைக் கூப்பிட்டார்.

"புள்ள மொதத் தடவையா வாயத் தொறந்து சரீன்னு சொல்லியிருக்குது அம்மிணி. இதுவும் போச்சுன்னா இன்னொருக்கா சொல்லாது. அந்த மனுசன் எதையும் புடுங்காமப் பாத்துக்க சாமி."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

அதே வாரங்களில்தான் கம்ப்யூட்டரும் தகராறு பண்ண ஆரம்பித்தது. காலையில் நன்றாக ஓடும். மதியம் திரும்பியதும் உறைந்து நிற்கும். அம்புக்குறி அசையாது. அவர் வோல்டேஜை ஒரு மயிரிழை ஏற்றினார். இரண்டு நாள் ஓடிற்று, மறுபடி நின்றது. இன்னொரு மயிரிழை. பெட்டிக்குள்ளிருந்து வரும் காற்று, இஸ்திரி போடுகிறவர் பக்கத்தில் நிற்பது போல் சுட்டது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் என்ன என்று கேட்டேன். பெற்ற பிள்ளையை ஒரு வகுப்புக் கீழே இறக்கி உட்காரவைக்கச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார்.

"வோல்டேஜு பத்தலீங்க. இன்னொரு சொட்டு போதும், நின்னுக்கும்."

இப்படி இருக்கும்போது, பையனை அலுவலகத்துக்கே வரச் சொல்லியிருப்பதாக ஒருநாள் காலையில் அறிவித்தார். அன்று மாலை கூரியரில், எங்களிடம் சட்டை வாங்கும் ஒரு பெரிய வெளிநாட்டு பையருக்கு சேம்பிள் போயாகவேண்டிய நாள். கிளி இல்லை, ஒரு யானைக் குடும்பம். பாதி நிறங்களுக்கு பிலிம் எடுத்தாகிவிட்டது, பாதி பாக்கி. இந்த அமளியிலா வரச் சொன்னீர்கள் என்றேன்.

"அதுதானுங்க லோடு. எதுவும் புடுங்க மாட்டேன், பயப்படாதீங்க. சும்மா ஒக்கார வெப்பேன். பேச்சு குடுக்க மாட்டேன். டீ கெடையாது. நீங்களும் குடுக்கக்கூடாது. எத்தன நேரம் நிக்கறாருன்னு பாப்பேன்."

உட்கார்ந்திருப்பது எப்படி லோடு ஆகும் என்று கேட்டேன். செல்போன் வைத்திருக்கிற வயசுப் பையனுக்கு அதைவிடப் பெரிய லோடு கிடையாது என்றார்.

பையன் பதினோரு மணிக்கு வந்தான். மெலிந்த, நீளமான பையன். தலைமுடியில் நாலைந்து பஞ்சு இழைகள் ஒட்டியிருந்தன. நிட்டிங் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு அது போகாது. அவரை சாருங்க என்றான், என்னை அக்கா என்றான். அவர் ஒரு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். முனகுகிற நாற்காலி. அவன் உட்கார்ந்ததும் அது முனகியது. அவன் எழுந்து, அதைத் தலைகீழாகப் புரட்டி, தளர்ந்திருந்த திருகாணியைக் கைவிரலால் முறுக்கிவிட்டு, மறுபடி உட்கார்ந்தான். அவர் மானிட்டரைப் பார்ப்பதுபோல் இருந்தார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரு பேச்சும் இல்லாமல் போயிற்று. செல்போன் அவன் பையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு முதலாளி பிரிண்டிங் பட்டறைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அவர் இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் யானைக் குடும்பம் திரையில் உறைந்து நின்றது.

பையன் எழுந்து வந்தான். பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டான். பின்புறம் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தான்.

"ஏனுங்க்கா, இதுக்கு மூச்சு முட்டுதுங்க. பஞ்சு அடைச்சிருக்கும்."

அவர் சனிக்கிழமை தவறாமல் பிரஷ்ஷால் சுத்தம் செய்கிறாரே என்றேன். மேலாகச் செய்வார், உள்ளே தங்கியிருக்கும் என்றான். அவர் வரட்டும் தம்பி என்றேன். வந்து அவர் வேலை கெட்டு நிற்பதைப் பார்க்கவேண்டாமே, ஒரு நிமிஷம்தான் என்றான். எல்லா வயரையும் முறையாகக் கழற்றினான். ஹார்ட் டிஸ்க்கைத் தனியாக எடுத்து, என் மேசையிலிருந்த ஒரு குழந்தைச் சட்டையில் சுற்றி, என்னிடமே கொடுத்தான். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். நானும் பின்னால் ஓடினேன்.

நிட்டிங் மெஷின்களில் படியும் பஞ்சை ஊதித் தள்ள, கம்ப்ரஸரிலிருந்து வரும் ஏர் கன் மெஷினுக்கு மெஷின் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அது இன்னொரு கை மாதிரி. சாப்பிட்டு முடித்துச் சட்டையில் ஒட்டிய பருக்கையைக்கூட அதால்தான் ஊதுவார்கள். அவன் அதை எடுத்துப் பெட்டிக்குள் ஒரு ஊது ஊதினான். விசிறிக்கும் அதன் கீழே சூட்டை வெளியே தள்ளும் ஹீட் சிங்குக்கும் இடையிலிருந்து, கோழிக்குஞ்சு அளவில், சாம்பல் நிறத்தில், மெத்தென்று ஒரு பஞ்சுக்கட்டி பறந்துவந்து, மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டரின் டீ டம்ளரில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ப்ராசஸர் வோல்டேஜ் பத்தாமல் சாகவில்லை, கம்பளி போர்த்திக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்திருக்கிறது. அதற்குத்தான் அவர் மேலும் மேலும் சூடு ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் அவன் நிறுத்தியிருக்கலாம். மூலையில் இன்னும் கொஞ்சம் பஞ்சு தெரிந்தது. இரண்டாவது ஊதலில் விசிறி விசில் அடித்துச் சுற்றி, ஓர் இதழை உதறியது. மூன்றாவதில் காற்றோடு தண்ணீரும் வந்தது. கம்ப்ரஸரில் சேரும் தண்ணீரை எங்கள் கம்பெனியில் யாரும் வடித்திருக்கவில்லை.

துடைத்தான். மேலே கொண்டுவந்து மறுபடி துடைத்தான். விசிறி சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்துவிடுகிறேன் என்று சுவிட்சைப் போட்டான். டப் என்று ஒரு சத்தம். மீன் வறுத்த பாத்திரம் கருகியது போல ஒரு நாற்றம்.

அப்போதுதான் அவர் உள்ளே வந்தார். இரண்டு கைகளிலும் இரண்டு டீ டம்ளர்கள். டீ கிடையாது என்று விதித்தவர், தானே கீழேயிருந்து வாங்கி வந்திருந்தார். நாற்றம் மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றார்.

"யாரு தொறந்தது?"

"நாந்தானுங்க மாமா."

காலையிலிருந்து சாருங்க, சாருங்க என்று சொன்னவன். மாமா என்று கூப்பிட இதைவிடக் கெட்ட நேரத்தை அவன் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

"கம்ப்ரஸர்ல தண்ணி வடிச்சீங்களா?"

"இல்லீங்க. எங்க கம்பெனில காத்தாலயே வடிச்சிருவாங்க. இங்கயும் வடிச்சிருப்பாங்கன்னு நெனச்சுட்டனுங்க. கேட்டிருக்கோணும். தப்புதானுங்க."

"ஹார்ட் டிஸ்க்கு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் குழந்தைச் சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

டம்ளர்கள் அவர் கையிலேயே இருந்தன. கண் இமைக்கவில்லை. மதியத்துக்கு மேல் அந்தக் கம்ப்யூட்டர் எப்படி நிற்குமோ அப்படியே நின்றார். மாலை கூரியரும், போனில் கேட்ட அவர் மனைவியின் குரலும் எனக்கு ஒருசேர நினைவுக்கு வந்தன. பையனுக்கும் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் நகரவில்லை. சாக்குச் சொல்லவில்லை.

"மாமா, எங்க கம்பெனி டிசைன் ரூம்ல ஒரு கம்ப்யூட்டரு சும்மாதான் இருக்குதுங்க. இப்பக் கெளம்புனா முடிச்சிரலாம். வேகமா ஓடாது. ஆனா ஓடும்."

அவர் அசைந்தார். மேசைக்கு வந்து ஒரு டம்ளரை அவன் பக்கம் வைத்தார்.

"டீயக் குடிங்க. ஆறீரும்."

பையனின் பைக்கில் போனார்கள். குழந்தைச் சட்டையில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் பின்னால் உட்கார்ந்திருந்ததை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஏறுவதற்கு முன் சீட்டை அமுக்கிப் பார்க்க மறந்துவிட்டார்.

மீதி பிலிம்கள் வந்து, அச்சாகி, என் பார்சல் கூரியர் வண்டியைப் பிடித்தது. வண்டி போன பிறகு அவர் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். அந்தக் கம்ப்யூட்டர் யானையின் காதைத் திறப்பதற்குள் அவருக்குத் தாடி முளைத்துவிட்டதாம். நடுவில் அந்தக் கம்பெனி முதலாளி வந்து, வெளி ஆளை எப்படி உள்ளே விட்டாய் என்று எல்லோர் எதிரிலும் பையனைச் சத்தம் போட்டிருக்கிறார். பையன் தலை குனிந்திருக்கிறான். பிறகு, என்னால் இவங்க வேலை கெட்டுப்போச்சுங்க, முடிச்சுக் கொடுத்துட்டு நீங்க சொல்றதக் கேட்டுக்கறேன் என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றிருக்கிறான்.

"எறங்குச்சுங்க அம்மிணி" என்றார். நான் பயந்துபோய்ப் பார்த்தேன். "எறங்காம இருக்குமுங்களா? ஆனா எறங்குன எடத்துல நின்னுட்டாருங்க."

அவர் போன பிறகு போன் வந்தது. எதையாவது பிடுங்கினாரா என்று அவர் மனைவி கேட்டார்.

"இல்லீங்க்கா. இந்தத் தடவ மாப்பளதான் புடுங்குனாரு."

கல்யாணம் ஆவணியில் நடந்தது. மண்டபத்தில் அவர் அன்று காலையிலிருந்து ஒரு நிமிஷம் உட்காரவில்லை. எல்லா விளக்கையும் எல்லா மின்விசிறியையும் ஒன்றாகப் போட்டு ஜெனரேட்டரைச் சோதித்தார். மணவறைப் பலகையை அமுக்கிப் பார்த்தார். ஒறம்பரையோடு சிரித்தார், பந்தியில் பாயசம் ஊற்றினார், என்னிடம் புதுக் கம்ப்யூட்டரின் வேகத்தைப் பற்றிச் சொன்னார். முதலாளி வேறு வழியில்லாமல் வாங்கியது அது. மாப்பிள்ளை அலுவலகப் பக்கம் வந்தால் அதைத் துணி போட்டு மூடிவிடவேண்டும் என்று எனக்கு உத்தரவு.

பெண் கிளம்புகிற நேரம் வந்தது. மகள் காலைத் தொட்டுக் கும்பிட்டு நிமிர்ந்தாள். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. வாய் திறந்தபடி, கை பாதி தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார். பிறகு அந்த உரத்த மனுசன் சத்தமே இல்லாமல் அழ ஆரம்பித்தார். அவர் மனைவிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாப்பிள்ளைதான் வந்து அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"ஏனுங்க்கா, ஒரு காப்பி கொண்டாங்க. சக்கர தூக்கலா. ஒரு சொட்டு ஏத்துனா மாமா நின்னுக்குவாரு."

கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். டம்ளரை என்னிடம் தந்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளும் மாப்பிள்ளையும் போகவேண்டிய காரை நோக்கி நடந்தார். டிரைவர் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தான். அவர் காரின் முன்பக்கம் போய், இரண்டு உள்ளங்கைகளையும் பானெட் மேல் ஊன்றி, கனத்தையெல்லாம் கைகளுக்குக் கொண்டுவந்து, இரண்டு முறை அமுக்கினார். கார் இறங்கி எழுந்தது.

"நிக்குமுங்க" என்றார் பொதுவாக எல்லோரிடமும், கதவைத் திறந்து பிடித்தபடி. "ஏறு கண்ணு."